பசி மருந்தும் பாலாடையும்

ஜூன் 4
அங்கன்வாடியில் எடை பார்த்தார்கள். மூன்று வயது முடிந்தும் பாப்பா 11 கிலோதான். ரசம் சோறு நாலு வாய்க்கு மேல் இறங்குவதில்லை. பக்கத்து வீட்டு அக்கா சொன்ன பசி சிரப்பை மெடிக்கலில் வாங்கி வந்தேன். சீட்டு கேட்கவில்லை. "மூணு வேளை, ஒரு ஸ்பூன்" என்றார் கடைக்காரர்.

ஜூன் 8
இரண்டு இட்லி, கேட்டு வாங்கிச் சாப்பிட்டாளாம்! ஆனால் பகலெல்லாம் தூங்கி வழிகிறாள் என்றார் அத்தை.

ஜூன் 11
மதியம் வலிப்பு வந்துவிட்டது. கண் மேலே செருகி, கைகால் வெட்டி வெட்டி இழுத்ததாம். யாரோ கையில் சாவியைத் திணித்திருக்கிறார்கள். அத்தைதான் ஒருக்களித்துப் படுக்க வைத்து, வாயில் எதையும் வைக்க விடவில்லை. இரண்டு நிமிடத்தில் நின்றதாம். நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது மடியில் அசந்து கிடந்தாள்.

காய்ச்சல் இல்லை, ரத்தத்தில் சர்க்கரையும் சரி. "வேறு ஏதாவது மருந்து கொடுக்கிறீர்களா?" என்றார் டாக்டர்.

ஜூன் 12
பாட்டிலைக் காட்டினேன். சைப்ரோஹெப்டடின். அடிப்படையில் இது அலர்ஜி மருந்தாம். பசி கூடுவது அதன் இன்னொரு விளைவு. மூளையில் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருள் வலிப்பை அடக்கிவைக்க உதவுகிறது. இந்த மருந்து அந்த ஹிஸ்டமினின் வேலையைத் தடுக்கிறது. குழந்தைகளுக்கு அளவு மீறினால் வலிப்பு வரலாம். "இதனால்தான் என்று அடித்துச் சொல்ல முடியாதும்மா. ஆனா உடனே நிறுத்திடுங்க."

ஜூன் 13
அளவு மூடி தொலைந்ததால் அத்தை பாப்பாவுக்குப் பால் புகட்டிய பாலாடைச் சங்கில் கொடுத்திருக்கிறார். 5 மில்லி சிரிஞ்சில் தண்ணீர் எடுத்து அதில் விட்டுப் பார்த்தேன். ஒன்று, இரண்டு... மூன்றாவதில்தான் விளிம்பைத் தொட்டது. 5 மில்லியில் 2 மில்லிகிராம் மருந்து. அப்படியானால் வேளைக்கு 6 மில்லிகிராம், ஒரு நாளைக்கு 18. இந்த வயதில் நாள் முழுக்கவே 12-ஐத் தாண்டக்கூடாது.

"நானே பிள்ளைக்கு ஊத்திட்டேனே" என்று அத்தை அழுதார். மூடியைத் தொலைத்தது நான்தான் அத்தை என்றேன். டாக்டரைக் கேட்காமல் வாங்கியதும் நான்தான்.

ஜூன் 17
மூளையின் மின் அலைகளைப் பார்க்கும் ஈ.ஈ.ஜி. நார்மல்! மருந்துப் பக்கவிளைவுகளைப் பதியும் அரசின் இலவச எண் 1800-180-3024-ல் எல்லாவற்றையும் சொன்னேன், பாலாடைக் கணக்கையும் சேர்த்து.

இரவு ரசம் சோறு நாலு வாய். ஐந்தாவதுக்கு முகத்தைத் திருப்பினாள். சரி என்று தட்டை எடுத்துவிட்டேன்.