முதலில் போனது சாப்பாட்டுத் தட்டு

விமானக் கம்பெனி தள்ளாடுகிறதா என்று பார்க்க பேலன்ஸ் ஷீட் வேண்டாம், சாப்பாட்டுத் தட்டு போதும் என்பது என் கட்சி. ஜெட் ஏர்வேஸில் மூடியைத் திறந்ததும் ஆவி பறக்கும் உப்புமா, ஓரத்தில் குட்டி வெண்ணெய் டப்பா. 2019 ஜனவரியில் எகானமியில் பெரும்பாலான டிக்கெட்டுகளுக்கு அந்த ஓசித் தட்டு போச்சு. அப்புறம் பைலட்டுகளுக்கு மாதக்கணக்கில் சம்பள பாக்கி. மார்ச் 25 அன்று கம்பெனியைத் தொடங்கிய நரேஷ் கோயல் போர்டிலிருந்து விலகினார். ஏப்ரல் 17 ராத்திரி அமிர்தசரஸிலிருந்து மும்பைக்குக் கடைசி விமானம். மே மாதம் சிஇஓவும், நிதியைக் கவனித்த சிஎஃப்ஓவும் ராஜினாமா. சரி, அதற்குள் குறைக்க என்ன செலவு மிச்சம்!

அந்த சிஇஓ வினய் துபே பின்னாளில் ஆகாசா ஏர் என்ற விமானக் கம்பெனியைத் தொடங்கினார். எனக்கு மறக்காதது, கடைசி விமானத்துக்கு மறுநாள், போராட்டங்கள் நடக்கும் டெல்லி ஜந்தர் மந்தரில் சீருடையோடு வெயிலில் நின்ற ஊழியர்கள்தான்.