இரண்டு புள்ளியா, மூன்று புள்ளியா: களுவாஞ்சிக்குடியில் ஒன்றேகால் வருடப் பூச்சிப் பதிவு

போன பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் கொப்பியில் இருந்த பதினேழு பதிவுகளைச் சிவப்புப் பேனையால் கோடிட்டேன். பதினேழும் ஒரே பெயரில் இருந்தவை: யூரிமா ஹெகாபே. மழை விட்ட பிறகு ஈர மணலில் கூட்டமாக வந்து குந்தும் சின்ன மஞ்சள் வண்ணத்துப்பூச்சி. பட்டிருப்புப் பாலத்தடியிலும் எங்கள் கிணற்றடியிலும் கண்ணில் படாத நாளே இல்லை. படம் எடுத்ததும் போனில் இருக்கும் செயலி ஹெகாபே என்று சொல்லும், நானும் அப்படியே எழுதிவிடுவேன். இவ்வளவு சாதாரணமான பூச்சியைச் சரிபார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

தோன்ற வைத்தது ஒரு படம்தான். வேறு எதையோ தேடும்போது ஒரு மஞ்சள் பூச்சியின் படத்தைப் பெருப்பித்துப் பார்த்தேன். முன்சிறகின் அடிப்பக்கத்தில், உடலோடு ஒட்டிய நரம்புக் கட்டத்துக்குள் பென்சில் முனையால் வைத்தது போல மூன்று கரும்புள்ளிகள். அடுத்த படத்தில் இரண்டு. ஹெகாபே என்றால் அந்த இடத்தில் வழக்கமாக இரண்டு இருக்கும். மூன்று இருந்தால் அது யூரிமா பிளாண்டா. புள்ளியே இல்லாமல், சிறகோரம் இளஞ்சிவப்பாக இருந்தால் பிரிஜிட்டா. மூன்றும் இலங்கையில் இருக்கின்றன, மூன்றும் பறக்கும்போது ஒரே மஞ்சள்.

இதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. இந்தக் குடும்பத்து மஞ்சள் பூச்சிகள் சிறகை விரித்துக்கொண்டு உட்காருவதில்லை. மேற்பக்கத்துக் கரும் விளிம்பு எப்படி வளைகிறது என்பதை வெயில் பின்னால் இருந்து அடிக்கும்போது மட்டும் நிழலாகப் பார்க்கலாம். அடிப்பக்கம் எப்போதும் நம் கண்முன்னால்தான் இருக்கிறது. ஆனால் நான் நின்றபடி மேலிருந்து படம் எடுத்துவிட்டு, குனிய மறந்திருந்தேன். பதினேழு பதிவில் அடிப்பக்கம் தெளிவாகத் தெரிந்தது ஆறு. அதில் நாலு ஹெகாபே, இரண்டு பிளாண்டா. மிச்சப் பதினொன்றையும் 'யூரிமா, இனம் தெரியாது' என்று மாற்றி எழுதினேன். எழுதும்போது மனம் கனத்ததுதான். ஆனால் அன்றிலிருந்துதான் என் கொப்பியை நானே நம்பத் தொடங்கினேன்.

இனி ஆரம்பத்துக்கு வருகிறேன். போன வருடம் ஆவணியில், கச்சான் காற்று கொஞ்சம் அடங்கிய ஒரு வாரத்தில் இதைத் தொடங்கினேன். பகலில் வண்ணத்துப்பூச்சி, இரவில் அந்துப்பூச்சி. இரண்டும் ஒரே வரிசைப் பூச்சிகள்தான். உலகத்தில் பெயரிடப்பட்டவை ஏறத்தாழ 160,000. அதில் வண்ணத்துப்பூச்சி 18,000 அளவில்தான் வரும், மிச்சமெல்லாம் அந்து. இலங்கையில் வண்ணத்துப்பூச்சி ஏறத்தாழ 250 இனம் என்றால், இரவுப் பூச்சிகள் அதைப்போலப் பல மடங்கு. நாங்கள் நித்திரை கொள்ளும் நேரத்தில் வளவுக்குள் நடக்கும் போக்குவரத்து பகலை விடப் பெரியது.

இரவுப் பூச்சிக்கு வெள்ளைச் சீலை வேண்டும், வெளிச்சம் வேண்டும். முதலில் வீட்டில் இருந்த எல்ஈடி பல்பை மாட்டினேன். மூன்று இரவில் வந்தது கொஞ்ச வண்டுகளும் நிறைய நுளம்பும். சாதாரண எல்ஈடியில் புற ஊதா ஒளி இல்லை என்று சொல்லும் அளவுக்குக் குறைவு. அந்துகளை இழுப்பது அந்த ஒளிதான். அப்புறம் ஒரு புற ஊதாக் குழல் விளக்கு வாங்கினேன். அதை நேரே பார்த்தால் கண்ணுக்குக் கூடாது என்பதால் சீலைக்குப் பின்னால் கட்டினேன். அமாவாசையை ஒட்டிய நாட்கள், காற்றில்லாத, புழுக்கமான இரவு, முடிந்தால் பின்னேரம் ஒரு தூறல் போட்டிருக்க வேண்டும். அப்படியான இரவில் எட்டு மணிக்குள் சீலை நிறைந்துவிடும். பூரணையன்று கட்டினால் அரைவாசிகூட வராது.

முதல் நல்ல இரவில் பக்கத்து வளவு மாமி வேலியால் எட்டிப் பார்த்தார்.

"என்ன புள்ள, ராவில வெள்ள கட்டியிருக்காய், ஆருக்கு?"

"பூச்சிக்கு மாமி. என்னென்ன வருதெண்டு எழுதப் போறன்."

மாமி கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்து பக்கத்தில் இருந்துவிட்டார். அதற்குப் பிறகு மாமி இல்லாத இரவு குறைவு. சீலையின் மேல் மூலையில் பல்லி வந்து குந்தினால் ஈர்க்கால் தட்டிக் கலைப்பது மாமியின் பொறுப்பு. முதல் மாதத்தில் படம் எடுக்க முந்தியே எத்தனை பூச்சி பல்லிக்குப் போயின என்பதை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

அந்த மாதங்களில் நான் 'வைக்கோல் மஞ்சள், சிறகில் ஒரு கரும் பொட்டு' என்று ஒன்றையும், 'மங்கல் பழுப்பு, ஓரத்தில் சிறு புள்ளி வரிசை' என்று இன்னொன்றையும் தனித்தனி இனமாக எழுதி வந்தேன். போரதீவில் வேளாண்மை செய்யும் பெரியப்பா ஒருநாள் வந்திருந்தபோது சீலையைப் பார்த்தார்.

"இது ரெண்டும் புருசன் பெண்சாதி, புள்ள. பொட்டு வச்சது பொம்புள. இது வந்தாத்தான் கதிர் வெள்ளையாப் போறது."

நெல்லின் மஞ்சள் தண்டுதுளைப்பான். புழு தண்டுக்குள் புகுந்து அரித்தால் இளம் பயிரில் குருத்து காயும், கதிர் வரும் பருவத்தில் வெண்கதிர் வரும். படங்களை வைத்துச் சரிபார்த்தேன், பெரியப்பா சொன்னது அச்சொட்டாகச் சரி. ஆணும் பெண்ணும் வேறு வேறு நிறத்தில் இருக்கும் என்பது எனக்குத் தெரியாத விசயமல்ல. தேசி மரத்தில் முட்டையிட வரும் கறுப்பு வண்ணத்துப்பூச்சி, பாப்பிலியோ பொலிடெஸ், அதில் பெண் ஒரு வடிவத்தில் கறுப்பும் சிவப்புமாக, நச்சுள்ள வேறொரு பூச்சியைப் போலவே வேசம் போடும். அந்த நச்சுப் பூச்சிக்கு உடம்பு சிவப்பு, வேசம் போட்டதற்கு உடம்பு கறுப்பு. இதை நான் பலருக்கும் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். பகலில் தெரிந்த பாடம் இரவில் ஞாபகம் வரவில்லை, அவ்வளவுதான்.

அரிய பூச்சி என்று கேட்டால், இதுவரை எனக்குக் கிடைத்ததில் பெரியது தாந்தாமலையில். தை மாதம், முருகன் கோயிலுக்குப் போய்த் திரும்பும்போது காட்டோரத்து முதிரை மரமொன்றின் மேல் கறுப்பாக ஒன்று சுற்றியது. வெயில் பட்டதும் இரண்டு சிறகுக்கும் குறுக்கே பச்சைப் பட்டை மின்னியது. பாப்பிலியோ கிரினோ. எடுத்த ஐந்து படத்தில் நாலு கலங்கல். ஆனாலும் சந்தேகத்துக்கு இடமே இல்லை, அந்தப் பச்சைப் பட்டையோடு இலங்கையில் வேறொன்று இல்லை. புழுவுக்கு உணவு முதிரை இலை, பூச்சி சுற்றியதும் முதிரையைத்தான். எங்கள் வீட்டு முன்கதவு முதிரைப் பலகை. இந்தப் பக்கத்தில் ஓரளவு பழைய வீடுகளில் கதவோ கட்டிலோ ஏதாவது ஒன்று முதிரையாக இருக்கும். அந்தக் காடுகளில் இன்னும் எத்தனை பெருமரம் நிற்கிறது என்று யோசித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். பதிவு எழுத இரண்டு நிமிடம் போகவில்லை. கிணற்றடி மஞ்சள் பூச்சிக்கு ஒரு வருடம் எடுத்தது.

அடுத்தது கொய்யா மரத்துக் கதை. இதற்கு மாமிதான் காரணம். "கொய்யாப் பழத்தில ராவைக்கு ஒண்டு வந்து குந்துது புள்ள, கண் நெருப்புத் தணல் போல" என்று இரண்டு நாள் சொன்னார். மூன்றாம் நாள் டோர்ச்சில் சிவப்புக் கண்ணாடிக் கடதாசி சுற்றிக்கொண்டு போனேன். சிவப்பு வெளிச்சத்துக்கு அந்துகள் அவ்வளவாகக் கலவரப்படுவதில்லை. பழத்தில் காய்ந்த இலை ஒன்று ஒட்டியிருந்தது. நரம்பு, காம்பு, ஓரத்துச் சுருக்கம் எல்லாமே இலைதான். அந்த இலைக்கு இரண்டு கண் ஒளிர்ந்தது.

பழத்தைத் துளைத்துச் சாறு குடிக்கும் யூடொசிமா. பெரும்பாலான அந்துகளின் உறிஞ்சுகுழல் பூவில் தேன் எடுக்க உதவும் மெல்லிய நூல். இதற்கு நுனி கெட்டியாகி, முள் வைத்துப் பழத்தோலையே துளைக்கும். கிட்டப்போய்ப் பார்த்தபோது அது தலையை மேலும் கீழுமாக ஆட்டி ஆட்டிக் குழலை இறக்கிக்கொண்டிருந்தது. முந்தின நாள் துளைத்த பழத்தில் குண்டூசி குத்திய அளவு ஓட்டை, அதைச் சுற்றிப் பழுப்பு வட்டம், உள்ளே ஐந்து சதக் குற்றி அளவுக்கு அழுகல். இவ்வளவு காலமும் இதை நாங்கள் வண்டுக் குத்து என்றே சொல்லி வந்திருக்கிறோம்.

யூடொசிமாவில் எது என்பதுதான் கேள்வி. பதில் பின்சிறகில் இருக்கிறது, அதையோ முன்சிறகு மூடி வைத்திருக்கிறது. செம்மஞ்சள் பின்சிறகின் நடுவில் வட்டமான கரும் பொட்டு இருந்தால் மட்டேர்னா. வளைந்த கரும் பட்டை இருந்தால் பலோனியா. தொட்டுப் பார்க்க எனக்கு விருப்பமில்லை. பூச்சியைப் பிடித்து ஊசி குத்தி வைக்கும் வேலையை நான் செய்வதில்லை. ஆய்வுக்குச் சேகரிப்பதென்றால் வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும், எனக்கு அந்தத் தேவையும் இல்லை.

நாலு இரவு காத்திருந்தேன். ஐந்தாம் இரவு ஒன்று குடித்து முடித்துவிட்டு நடுங்கத் தொடங்கியது. பெரிய அந்துகள் பறக்க முந்தி இப்படித்தான், சிறகை மெல்ல நடுக்கித் தசையைச் சூடாக்கிக்கொள்ளும். அந்த நடுக்கத்தில் முன்சிறகு கொஞ்சம் கொஞ்சமாக மேலே விலகும். போனில் ஸ்லோ மோஷன் போட்டு வைத்திருந்தேன். பிறகு வீட்டுக்குள் வந்து ஒவ்வொரு சட்டமாக நிறுத்திப் பார்த்தபோது, செம்மஞ்சளில் வளைந்த கரும் பட்டை. பலோனியா. மாமியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "இவ்வளவு வடிவை உள்ளுக்க வச்சுக்கொண்டா சருகு மாதிரி இருக்குது?" என்றார்.

பெயரை எழுதப் போனால் அங்கேயும் ஒரு முடிச்சு. பழைய பட்டியல்கள் பலவற்றில் இதே பூச்சி புல்லோனியா என்று இருக்கிறது. முதலில் இரண்டும் வேறு வேறு இனம் என்றே நினைத்தேன். புல்லோனியா, கிளெர்க் 1764இல் வைத்த பெயர். லின்னேயஸ் 1763இல் வைத்தது பலோனியா. ஒரே இனத்துக்கு இரண்டு பெயர் இருந்தால் பொதுவாக மூத்த பெயருக்கே உரிமை. ஒரு வருட வித்தியாசம்தான். ஆனால் அது தெரியாமல் இருந்திருந்தால் என் கொப்பியில் ஒரு பூச்சி இரண்டு தரம் உட்கார்ந்திருக்கும். இப்போது ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் அதன் பழைய பெயர்களையும் சின்ன எழுத்தில் எழுதுகிறேன். பிற்பாடு வேலியில் படர்ந்த சீந்தில் கொடியில் இதே வகைப் புழுவையும் கண்டேன். தலையை உள்ளே மடக்கிப் பின்பக்கத்தைத் தூக்கி வைத்து, பக்கத்துக்கு இரண்டு பொய்க்கண் காட்டிக்கொண்டு நின்றது. அதை 'யூடொசிமா' என்பதோடு நிறுத்திக்கொண்டேன்.

அப்படி நிறுத்த வேண்டிய இடங்கள் நிறைய. படைப்புழுக்களின் பேரினமான ஸ்பொடொப்டெரா அதில் ஒன்று. 2018இல் சேனா படைப்புழு வந்தபோது அம்பாறைப் பக்கத்துச் சோளக்காரர்கள் பட்ட பாடு எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். அந்தப் புழுவை யாரும் அடையாளம் காணலாம்: தலையில் தலைகீழான ஆங்கில வை எழுத்து, வால் பக்கத்தில் சதுரமாக நாலு கரும் புள்ளி. ஆண் அந்துக்கும் முன்சிறகு நுனியில் வெண்திட்டு உண்டு. பெண்தான் வெறும் சாம்பல் பழுப்பு. சீலைக்கு வந்த பெண்களை இனம் சொல்ல என் படங்கள் போதாது. ஒன்பது பதிவு அப்படியே பேரினத்தோடு நிற்கிறது.

இப்போது எழுதும் முறை மாறியிருக்கிறது. திகதி, நேரம், இடம், காற்று, பக்கத்தில் அடிமட்டம் வைத்து எடுத்த ஒரு படம், அடிப்பக்கப் படம், எந்தச் செடியில் என்ற குறிப்பு. செடியின் பெயர் தெரியாவிட்டால் செடிக்கும் ஒரு படம். கச்சான் காலத்தில் எடுத்ததா மாரியில் எடுத்ததா என்பதும் முக்கியம். ஹெகாபேயே கோடையில் முன்சிறகு நுனியின் அடியில் பழுப்புத் திட்டோடு வரும், மாரியில் அது இருக்காது. ஆடி மாதத்தில் அதையும் புது இனம் என்று நினைத்துச் சந்தோசப்பட்டிருக்கிறேன்.

போன ஐப்பசியில் முதல் மழைக்குப் பிறகு எங்கள் கொன்றையில் ஒரு மஞ்சள் பூச்சி முட்டையிட்டது. ஹெகாபே என்றால் இலைக்கொன்றாக வைத்துக்கொண்டு போகும். இது ஒரே தளிரில் நின்று, வெள்ளை அரிசிக் குறுணல் போல நிறைய வைத்தது. உடனே பெயர் எழுதக் கை துடித்தது. எழுதவில்லை. குளவி வராமல் கிளைக்கு நுளம்பு வலையைச் சுற்றிக் கட்டினேன். புழுக்கள் பிரியாமல் ஒன்றாகவே தின்றன, தலை எல்லாம் கறுப்பு. அதுவும் பிளாண்டாவுக்குப் பொருந்தும். மூன்று வாரத்துக்குள் ஒரே ஈர்க்கில் வரிசையாகக் கூடு தொங்கியது.

நேற்றுக் காலை மாமி வந்து ஜன்னலில் தட்டினார். மூன்று வெளியே வந்து சிறகு காய வைத்துக்கொண்டு இருந்தன. மண்ணில் முழங்கால் குத்தி, வலையை விலக்கி, அடிப்பக்கத்தை எண்ணினேன். முதலாவதில் மூன்று புள்ளி. இரண்டாவதில் மூன்று. மூன்றாவதுக்கு லென்ஸைத் திருப்பும்போது மழை கொட்டிவிட்டது, அது கொன்றைக்கு மேலால் எழும்பிப் போய்விட்டது. கொப்பியில் யூரிமா பிளாண்டா, இரண்டு என்று எழுதினேன்.