முசுறு வேடம்: மூன்று வாரக் குறிப்பு

முதல் வாரம் முழுக்க வீண். மார்த்தாண்டத்தில் எங்கள் வீட்டு மாமரத்தில் முசுறுக்கு, அதாவது இலைகளை ஒட்டிக் கூடு கட்டும் செவ்வெறும்புக்கு, பஞ்சமில்லை. அவற்றைப் போலவே வேடமிட்ட குதிக்கும் சிலந்தியும் அங்கே இருக்கும் என்று படித்துவிட்டு, கைபேசியில் மேக்ரோ லென்ஸை மாட்டிக்கொண்டு ஏறினேன். நூற்றுச் சொச்சம் படங்கள். ஒவ்வொன்றையும் பெரிதாக்கிக் கால்களை எண்ணினேன். எல்லாம் ஆறு! கழுத்தில் கடி வாங்கியதுதான் மிச்சம்.

தேடிய இடமே தவறு. நான் முசுறுச் சாரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். சிலந்தியோ சாரையை ஒட்டி வாழுமே தவிர, உள்ளே நுழையாது. முசுறிடம் சிக்கினால் அதற்கும் சாவுதான். வேடம் எறும்பைக் கண்டு ஒதுங்கும் கும்பிடுபூச்சி போன்றவற்றை ஏமாற்றத்தான்.

இரண்டாம் வாரம் பென்சிலைக் கையில் எடுத்தேன். முனையை நீட்டினால் முசுறு வாயைப் பிளந்துகொண்டு சண்டைக்கு வரும். பன்னிரண்டாம் நாள் ஒன்று மட்டும் இலையின் அடிப்புறம் நழுவியது. விடாமல் துரத்தினேன், நூல் விட்டுக் கீழே தொங்கியது. வளர்ந்த எறும்பு எங்கே நூல் விடும்? (முசுறுக் கூட்டை ஒட்டும் நூல்கூட அதன் புழுக்களுடையதுதான்.)

அது பெண் சிலந்தி. முன்னங்கால் இரண்டையும் உணர்கொம்பு போலத் தூக்கி ஆட்டிக்கொண்டு, மீதி ஆறு காலில் நடந்தது. முன்னுடலின் நடுவே ஓர் இடுக்கு, தலையும் மார்பும் தனித்தனி என்று நம்பவைக்க. பக்கவாட்டில் எறும்புக் கண் போலக் கரும்புள்ளி. நேருக்கு நேர் திரும்பியபோதுதான் குட்டு வெளிப்பட்டது: விளக்குப் போல இரண்டு பெரிய கண்கள்.

1869-இல் இலங்கைச் சிலந்தியைக் கொண்டு விவரிக்கப்பட்ட இனம் இது. பின்னாளில் மிர்மரக்னே பிளாட்டாலியாய்டிஸ் என்றார்கள். இப்போது மிர்மபிளாட்டா என்று வேறு பேரினத்துக்கு மாற்றிவிட்டார்கள். என் குறிப்பேட்டில் பழைய பெயரே இருக்கட்டும். பிளாட்டாலியா என்பது கரண்டிவாயன் பறவையின் பேரினப் பெயர். ஆண் சிலந்தியைப் பார்த்தால் அந்தப் பெயர் பொருத்தம்தான் என்று தோன்றும்: தாடைகள் அவ்வளவு நீளமாக முன்னே நீண்டு, ஒரு முசுறு இன்னொன்றைக் கவ்விச் செல்வது போலவே இருக்கும்.

மூன்றாம் வாரம் அந்த ஆணும் கிடைத்தது. காற்றில் ஆடிய இலையைத் துணி கிளிப்பால் கிளையோடு பிடித்துவைத்து எடுத்தும், தாடை தெளிந்தால் கண் மங்கியது, கண் தெளிந்தால் தாடை மங்கியது. நாற்பது படத்தில் ஒன்றுகூடத் தேறவில்லை.

பெண் சிலந்தி இலையடியில் வெள்ளைப் பட்டு அறை கட்டியிருந்தது. அடையாளத்துக்குக் காம்பில் சிவப்பு நூல் கட்டியிருந்தேன். நேற்றுப் பார்த்தால், முசுறுகள் வரிசையாக நின்று அந்த இலையையே கூடு கட்ட இழுத்துக்கொண்டிருக்கின்றன.