தாடை முடிக்கு லேசர்: மாத்திரை அட்டையும் குளியல் பொடியும் படுத்திய பாடு

பிசிஓடி (சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை) இருப்பவர்களிடம் தாடை முடியைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. த்ரெடிங் செய்து அலுத்துப்போய் லேசருக்குப் போனேன். முதல் சிட்டிங் முடிந்துவிட்டது, ஒரு கொப்புளம்கூட இல்லை. ஆனால் அங்கே போய்ச் சேர்வதற்குள் நான் அலைந்த அலைச்சலை நீங்களும் படக்கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் போனது மதுரையில் ஓர் அழகு மையம். பாக்கேஜ், தள்ளுபடி எல்லாம் பேசிவிட்டு ஒரு படிவத்தை நீட்டினார்கள். முழுக்க ஆங்கிலம். கர்ப்பமா, அலர்ஜி உண்டா என்று கேட்டுவிட்டு, ஏதாவது நேர்ந்தால் மையம் பொறுப்பல்ல என்று முடித்திருந்தார்கள். என்ன மாத்திரை சாப்பிடுகிறோம் என்ற கேள்வியே இல்லை! பருவுக்கு மாத்திரை எடுப்பதை நானாகச் சொன்னேன். "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது மேம், இன்னைக்கே பண்ணிடலாம்" என்றார் அந்தப் பெண். என்ன மெஷின் என்றால் "லேட்டஸ்ட் மெஷின் மேம்." டாக்டர் எங்கே என்றால் "வியாழக்கிழமை மட்டும்தான் வருவாங்க." விடாமல் கேட்ட பிறகு கையேட்டைக் காட்டினார்கள். அது லேசரே இல்லை, ஐபிஎல் என்ற ஒளிவீச்சு மெஷின். லேசர் ஒரே அலைநீளத்தில் அடிக்கும்; ஐபிஎல் சுமார் 500 முதல் 1200 நானோமீட்டர் வரை கலந்து அடிக்கும். நம் நிறத் தோலில் சூடுபட்டுப் புண்ணாக அதில் வாய்ப்பு அதிகம். முன்பணம் கட்டாமல் எழுந்து வந்துவிட்டேன்.

அடுத்து தோல் மருத்துவரிடம். அவர் கேட்ட முதல் கேள்வியே மாத்திரையின் பெயர். கடைக்காரர் அட்டையை வெட்டிக் கொடுத்ததில் பெயர் அச்சான பாதி கடையிலேயே நின்றுவிட்டது. என் கையில் இருந்தது வெறும் அலுமினியத் தாள். "சாப்பிடுறது, பூசுறது, தேச்சுக் குளிக்கிறது, எல்லாத்தையும் எழுதிட்டு வாங்கம்மா" என்று அனுப்பிவிட்டார். அந்தப் பயணம் வீண்.

மருந்துக் கடையில் பில் இல்லாமல் சொல்ல முடியாது என்றார்கள். என் போன் நம்பரைப் போட்டுக் கணினியில் தேடுங்கள் என்று கவுண்டரை விட்டு நகராமல் நின்றேன். கிடைத்தது: டாக்ஸிசைக்ளின். வெயில் பட்டால் தோலைச் சீக்கிரம் வேகவைக்கும் மருந்துகளில் இதற்கு முக்கிய இடம் உண்டு. மாத்திரை வாங்கும்போதே பெயர் உள்ள பக்கத்தைப் போட்டோ எடுத்து வையுங்கள்.

அதைவிடப் பெரிய வேலை குளியல் பொடி. நாட்டு மருந்துக் கடையில் அரைத்து வாங்கியது, பொட்டலத்தில் ஒரு எழுத்தும் கிடையாது. "ஏம்மா, பாட்டி காலத்துப் பொடி, இதுல என்ன கெடுதல்?" என்றார் அண்ணாச்சி. கெடுதல் என்று சொல்லவில்லை, என்னென்ன சேர்க்கிறீர்கள் என்று மட்டும் காட்டுங்கள் என்றேன். முகம் கோணினாலும் டப்பா டப்பாவாகத் திறந்தார். கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, கோரைக்கிழங்கு, ஆவாரம்பூ, வெட்டிவேர்... கடைசியில் கறுப்பாக, சின்னச் சின்ன சிறுநீரகம் போல ஒரு விதை. கார்போக அரிசி.

பட்டியலில் அந்தப் பெயரைப் பார்த்ததும் டாக்டர் நிமிர்ந்தார். அதில் சோராலன் என்ற வேதிப்பொருள் இருக்கிறது. வெண்புள்ளிக்கு இதைப் பூசி வெயில் காட்டச் சொல்வது அதனால்தான்; வெயில் பட்டால் தோல் சிவக்கும், பிறகு கறுக்கும். சோராலன் விழித்துக்கொள்வது 320 முதல் 400 நானோமீட்டர் புற ஊதாக் கதிரில். எனக்கு அடிக்கப்போகும் என்டி யாக் லேசரோ 1064. அப்படியானால் என்ன பயம் என்று கேட்டேன். லேசர் தேடிப் போவது முடிவேரில் இருக்கும் கருநிறமியை. வெயிலில் தோலே கறுத்துக் கிடந்தால் அந்தச் சூட்டைத் தோல் வாங்கிக்கொள்ளும். கொப்புளம் வரும், அது ஆறினாலும் கருந்தழும்பு மாதக்கணக்கில் நிற்கும். இதைப் பொறுமையாகச் சொன்ன அந்த டாக்டருக்கு நான் என்றும் நன்றியுள்ளவள்.

மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், கோர்ஸ் முடியட்டும், பொடியை விடுங்கள், சன்ஸ்கிரீன் போடுங்கள், கறுப்பு இறங்கட்டும் என்று தேதியைத் தள்ளிப்போட்டார். தள்ளிப்போனது எரிச்சலாகத்தான் இருந்தது. பிறகு காதுக்குக் கீழே ஓரிடத்தில் மட்டும் சோதித்துப் பார்த்து, அது சரியாக இருந்த பிறகுதான் முழு சிட்டிங்.

நீங்கள் போகும்போது இவற்றையும் சொல்லுங்கள். பிரஷர் மாத்திரையின் பெயருக்குப் பின்னால் 'எச்' இருந்தால் பெரும்பாலும் அது ஹைட்ரோகுளோரோதயசைடு. அதுவும் வெயிலுக்கு ஆகாது. கிருமித் தொற்றுக்குத் தரும் சிப்ரோஃப்ளாக்சசின், வலிக்குப் பூசும் கீட்டோப்ரோஃபன் ஜெல், இதயத்துக்கான அமியோடரோன் எல்லாம் இதே வகை. முகத்தில் எலுமிச்சைச் சாறு தேய்ப்பவர்களும் மறைக்க வேண்டாம். கீல்வாதத்துக்கு எப்போதோ தங்க ஊசி போட்டிருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். அந்த ஊசி போட்டவர்களுக்கு, மங்கையும் பச்சை குத்தியதையும் நீக்கும் க்யூ-ஸ்விட்ச்ட் என்ற வகை லேசர் பட்ட இடம் கருநீலமாகிவிடும். பருவுக்குச் சாப்பிடும் ஐசோட்ரெடினாயினுக்கு ஆறு மாதம் காத்திருக்க வேண்டும் என்ற பழைய விதியை முடி நீக்கும் லேசருக்கு 2017 முதல் நிபுணர் குழுக்கள் தளர்த்தியிருக்கின்றன. ஆனாலும் சாப்பிட்டதை டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். சிட்டிங்குக்கு முந்தைய வாரங்களில் த்ரெடிங், வேக்ஸிங் வேண்டாம், வேர் இருந்தால்தான் லேசர் பிடிக்கும். ஷேவ் செய்யலாம்.

அண்ணாச்சி கடையில் இப்போது கார்போக அரிசி சேர்க்காமல் எனக்குத் தனியாக அரைத்துத் தருகிறார். என்னென்ன போட்டார் என்று பொட்டலத்தின் மேல் எழுதச் சொன்னேன். எழுதிக் கொடுத்தார்.