உள்ளங்காலில் போரோமா: ஸ்லைடுக்காக அலைந்த அனுபவம்

புற்றுநோய் இல்லை என்று இரண்டாவது ரிப்போர்ட்டும் சொல்லிவிட்டது. இப்போதுதான் மூச்சு விடுகிறேன். ஆனால் கட்டியை எடுத்ததைவிட, அதன் மெல்லிய சீவலை ஒட்டிய கண்ணாடி ஸ்லைடை லேபில் இருந்து வாங்கத்தான் அதிகம் அலைந்தேன். இதே நிலையில் இருப்பவர்களுக்குப் பயன்படட்டும்.

உள்ளங்கால் ஓரத்தில் சின்னதாக ஒரு சிவந்த கட்டி. முதலில் பார்த்த டாக்டர் மரு என்று சொல்லி ஆசிட் தடவச் சொன்னார், அப்புறம் திரவ நைட்ரஜன் வைத்தார். கட்டி அப்படியே இருந்தது. செருப்பு உரசினால் ரத்தம் மட்டும் கசிந்தது. தோல் டாக்டரிடம் போனபோது அவர் லென்ஸ் வைத்து வெகுநேரம் பார்த்தார். கட்டியைச் சுற்றி அகழி வெட்டியதுபோல ஒரு பள்ளம் இருப்பதைக் காட்டி, "மருவில் பொதுவாக இப்படி இருக்காது, பயாப்ஸி எடுத்துவிடலாம்" என்றார். நிறமில்லாத மெலனோமா என்ற தோல் புற்றுநோயும் சில சமயம் இதே மாதிரி சிவந்து, ரத்தம் கசிந்து இருக்குமாம். பயாப்ஸியில் சிரமமே இல்லை.

வந்த பதில் போரோமா. வியர்வை நாளத்தின் செல்களில் இருந்து வளரும், பரவாத கட்டி. அப்படியானால் விட்டுவிடலாமே என்று கேட்டேன். மேலோட்டமாகக் கிள்ளிய துண்டை வைத்து அடியில் என்ன இருக்கிறது என்று சொல்ல முடியாது என்றார். பல வருடங்கள் இருக்கும் போரோமா, அரிதாக, போரோகார்சினோமா என்னும் புற்றுநோயாக மாறலாம். திடீரென்று பெருத்தாலோ, புண்ணானாலோ, வலித்தாலோ உடனே வரச் சொன்னார். குடும்பத்தில் யாருக்காவது தலையிலும் முகத்திலும் நிறையக் கட்டிகள் உண்டா என்றும் விசாரித்தார். சிலிண்ட்ரோமா என்ற இன்னொரு வகை வியர்வைச் சுரப்பிக் கட்டி அப்படிப் பரம்பரையாக வருமாம். எங்கள் வீட்டில் யாருக்கும் இல்லை. கட்டியை முழுதாக வெட்டி எடுத்தார்கள். தையல் ஆறியது.

சிக்கல் அதற்கப்புறம்தான். ரிப்போர்ட்டில் வெட்டிய ஓரத்தைப் பற்றி, அதாவது அங்கே கட்டி மிச்சம் இருக்கிறதா என்று, ஒரு வார்த்தை இல்லை. திசுவை மைக்ரோஸ்கோப்பில் பார்த்துச் சொல்லும் இன்னொரு பேத்தாலஜிஸ்ட்டிடம் காட்ட டாக்டர் கடிதம் கொடுத்தார். லேப் கவுண்டரில் இருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "ரிப்போர்ட்தான் கொடுத்தாச்சே, ஸ்லைடெல்லாம் தர மாட்டோம்" என்றார். கடிதத்தைக் காட்டினால், அதில் லேப் நம்பர் இல்லையாம், ஆஸ்பத்திரி நம்பர்தான் இருக்கிறதாம். திரும்பி வந்தேன். அடுத்த தடவை நம்பரோடு போனேன், ஸ்லைடு கிடைத்தது. ஆனால் பார்க்க வேண்டியவர் பாரஃபின் பிளாக்கும் (திசுவைப் பதித்து வைத்த மெழுகுத் துண்டு) கேட்டார், புதிதாகச் சீவி வேறு சாயம் போட்டுப் பார்க்க அதுதான் வேண்டுமாம். மறுபடியும் அதே கவுண்டர். இந்த முறை பொறுப்பாளரைக் கூப்பிடச் சொல்லி நின்றேன். பதிவேட்டைப் புரட்டி, கையெழுத்து வாங்கிக்கொண்டு பிளாக்கைக் கொடுத்தார்கள். அன்றைக்கு வந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமில்லை.

ஆகவே கடிதம் வாங்கும்போதே லேப் நம்பர், பயாப்ஸி தேதி, 'ஸ்லைடும் பிளாக்கும்' என்ற மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள். வெட்டி எடுத்த எந்தக் கட்டியையும், சின்னதோ பெரியதோ, பேத்தாலஜிக்கு அனுப்பச் சொல்லுங்கள். ரிப்போர்ட் கைக்கு வந்ததும் ஓரத்தைப் பற்றி எழுதியிருக்கிறார்களா என்று அங்கேயே நின்று படியுங்கள்.

செல்கள் ஒரே சீராக இருக்கின்றன, பக்கத்துத் திசுவுக்குள் ஊடுருவவில்லை, ஓரம் சுத்தம் என்று இரண்டாவது ரிப்போர்ட்டில் தெளிவாக எழுதியிருந்தார்கள். அடுத்த பரிசோதனையில் தழும்பில் மறுபடி ஏதும் முளைக்கிறதா, தொடை இடுக்கில் நெறி கட்டியிருக்கிறதா என்று பார்ப்பார்கள்.