தவில்காரர் கை ஏன் நடுங்கியது?

எங்கள் ஸ்டுடியோ மூலையில் 14 அங்குல டியூப் டிவி ஒன்று இருக்கிறது. வருடத்துக்கு ஒருமுறை, ஆயுத பூஜைக்குத் துடைத்துச் சந்தனப் பொட்டு வைப்போம். புதிதாக வேலைக்குச் சேரும் பையன்கள் எல்லோரும் ஒரு வாரத்துக்குள் கேட்டுவிடுவார்கள்: "ஏனுங்ணா, இதை எடைக்குப் போட்டறலாமுங்களா?" போடக்கூடாது என்று மட்டும் சொல்லிவைப்பேன். காரணம் பெரிய கதை.

கோபிசெட்டிபாளையத்தில் நான் இந்த வேலைக்குச் சேர்ந்த சமயம், கல்யாண வீடியோவை சிடியில் கேட்பது குறைந்து டிவிடியில் கேட்பது கூடிக்கொண்டிருந்தது. மிக்ஸிங் வேலையை முதலாளி அண்ணன் பார்த்துக்கொள்வார். முடிந்த படத்தை டிவிடியாக மாற்றி எழுதிக் கொடுப்பது என் வேலை. அதற்கு என்ன மென்பொருள் என்றெல்லாம் அப்போது யோசித்ததே இல்லை. டிவிடி ரைட்டர் வாங்கும்போது கூடவே ஒரு மென்பொருள் வந்தது, அதில் போட்டேன், பச்சைப் பட்டை நூறைத் தொட்டது, எழுதினேன். கம்ப்யூட்டரில் ஓடியது. அதற்கு மேல் என்ன வேண்டும்?

2009 வாக்கில் புதுக் கேமரா வந்தது. அதுவரை மினி டிவி (Mini DV) கேசட், இனிமேல் எச்டிவி (HDV) என்று அண்ணனுக்கு ஒரே பெருமை. அந்தக் கேமராவில் எடுத்த முதல் கல்யாணம் அந்தியூர் பக்கம் ஒரு தோட்டத்து வீட்டுடையது. டிஸ்க் கொடுத்து இரண்டு நாள் கழித்து மாப்பிள்ளையின் பெரியப்பா போன் செய்தார்.

"ஏனுங் தம்பி, தவுலு அடிக்கறவரு கையி வெடவெடன்னு நடுங்குதுங்க. சத்தம் சரியாத்தானுங்க கேக்குது. பொண்ணு நடந்து வந்தாலும் அப்படித்தான், காத்துல ஆடறாப்பல வருது."

எங்கள் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தேன், நடுக்கம் இல்லை. அவருடைய பிளேயர்தான் கோளாறு என்று அண்ணன் சொன்னார், நானும் நம்பினேன். பிறகு பைக்கை எடுத்துக்கொண்டு நேரில் போனேன். ஹாலில் பெரிய டியூப் டிவி, அதன்மேல் விலை குறைந்த ஒரு பிளேயர். சொந்தபந்தம் பத்துப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். தவில்காரர் கை உண்மையாகவே நடுங்கியது. முன்னால் போகிறது, பின்னால் வருகிறது, மறுபடி முன்னால். எனக்குக் காப்பி கொடுத்தார்கள், தொண்டையில் இறங்கவில்லை.

விஷயம் இதுதான். நம் நாட்டு டிவி முறையில் வினாடிக்கு 25 படம். ஒவ்வொரு படமும் இரண்டு பாதியாக இருக்கும், ஒற்றைக் கோடுகள் ஒரு பாதி (இதை மேல் பாதி என்பார்கள்), இரட்டைக் கோடுகள் ஒரு பாதி (இது கீழ்ப் பாதி). டியூப் டிவி இந்தப் பாதிகளை ஒன்றன்பின் ஒன்றாக வினாடிக்கு 50 முறை காட்டும். எந்தப் பாதி முதலில் என்பதில் இருக்கிறது சூட்சுமம். மினி டிவி கேமராவில் கீழ்ப் பாதி முதலில், எச்டிவியில் மேல் பாதி முதலில். நான் பழைய செட்டிங்கிலேயே விட்டிருந்தேன். அதனால் பிந்தி வரவேண்டிய பாதி முந்தி வந்தது, கை முன்னும் பின்னும் துள்ளியது. கம்ப்யூட்டர் திரையோ இரண்டு பாதியையும் ஒன்றாகச் சேர்த்துக் காட்டிவிடும். அதில் பார்த்து ஓகே சொன்னால் வீட்டில் நடப்பது எப்படித் தெரியும்? மென்பொருளில் ஒரே ஒரு பெட்டியில் 'லோயர்' என்பதை 'அப்பர்' என்று மாற்றியிருந்தால் தீர்ந்திருக்கும். நாங்கள் வைத்திருந்த மென்பொருளில் அந்தப் பெட்டியே கண்ணில் படாத இடத்தில் இருந்தது.

அடுத்த வாரமே ஈரோட்டில் பழைய டியூப் டிவி ஒன்றும், இருப்பதிலேயே மலிவான பிளேயர் ஒன்றும் வாங்கி வந்தேன். அதில் ஓடாத டிஸ்க் கடையை விட்டு வெளியே போகாது என்று ஏற்பாடு. அண்ணனுக்குச் செலவு பிடிக்கவில்லை. அந்தியூர்க்காரருக்கு இலவசமாக ஆறு காப்பி போட்டுக் கொடுத்ததை நினைவுபடுத்தியதும் அடங்கிவிட்டார்.

அதற்குப் பிறகுதான் மென்பொருள் தேடல். அப்போது ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். சோதனைப் பதிப்பு ஒன்றை இறக்கிப் போட்டேன், தாலி கட்டும் காட்சிக்கு நடுவில் தன் பெயரைக் கொட்டை எழுத்தில் போட்டது. நல்லவேளை, டியூப் டிவியில் பார்த்ததால் தப்பித்தேன். டிஎம்பிஜிஎன்க் படத்தை நன்றாகத் தரும், ஆனால் எங்கள் கம்ப்யூட்டரில் இரவு போட்டால் விடிந்துதான் முடியும். கன்வர்ட் எக்ஸ் டு டிவிடி வேகம், கோப்பைப் போட்டால் மெனுவோடு டிஸ்க்கே வந்துவிடும், ஆனால் காசு. டிவிடி ஃபிளிக், டிவிடி ஸ்டைலர் இரண்டும் இலவசம். எழுதுவதற்கு மட்டும் இம்ஜ்பர்ன், எழுதி முடித்ததும் சரியாக எழுதியிருக்கிறதா என்று தானே ஒருமுறை படித்தும் பார்க்கும். ஹேண்ட்பிரேக்கையும் ஒருநாள் முழுக்க உட்கார்ந்து இறக்கினேன். நிறுவிய பிறகுதான் தெரிந்தது, அது டிவிடியைக் கோப்பாக மாற்றுமே தவிர, கோப்பை டிவிடியாக மாற்றாது. வண்டி எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்காமல் பஸ் ஏறின கதை.

இரண்டு கேள்வி கேட்டுத்தான் கடைசியில் தேர்ந்தெடுத்தேன். எந்தப் பாதி முதலில் என்பதை என் கையில் விடுகிறதா? பிட்ரேட்டை, அதாவது ஒரு வினாடிக்கு எவ்வளவு தகவல் என்பதை, நானே வைக்க முடியுமா? மெனுவில் பூ மலர்வதும் இதயம் பறப்பதும் எனக்கு இரண்டாம்பட்சம். அண்ணனுக்கு அதுதான் முதல்.

பிட்ரேட்டில் இரண்டு பக்கமும் இடி. டிவிடியில் படத்துக்கு வினாடிக்கு 9.8 மெகாபிட் வரை, ஒலியும் சேர்த்து 10.08 வரைதான் அனுமதி. ஒரு நிச்சயதார்த்தம் 40 நிமிடம்தானே, இடம் கிடக்கிறதே என்று படத்துக்கு 9 வைத்தேன். ஒலியைச் சுருக்காமல் விட்டதில் அது 1.5 தின்றது. கூட்டினால் 10.5. எங்கள் மலிவு பிளேயர் மூச்சு வாங்கியது. அன்றிலிருந்து படத்துக்கு 7ஐத் தாண்டுவதில்லை, ஒலி சுருக்கிய டால்பி ஏசி3தான். 16 வேகத்தில் எழுதலாம் என்று டிஸ்க்கில் போட்டிருந்தாலும் எட்டுக்கு மேல் எழுதுவதில்லை.

இந்தப் பக்கம் நம்பியூர்க்காரர். பெண்ணின் அப்பா. மூன்று மணி நேரப் படம்.

"ஒரே டிஸ்க்குல போட்டுருங்க தம்பி. மாத்தி மாத்திப் போட ஆரால முடியும்?"

"ரெண்டா போட்டா தெளிவா இருக்குமுங்க. பெரிய விலையா என்ன, ஒரு டிஸ்க் தானுங்களே."

"காசுக்கில்லீங்க. இணைச்சீர் முடிஞ்சு முகூர்த்தம் வர்றப்ப ஆராச்சும் எந்திரிச்சுப் போயி மாத்தோணுமே."

ஒரு டிஸ்க்கில் இடம் 4.7 ஜிபி, அதாவது 37,600 மெகாபிட். மூன்று மணி நேரம் என்பது 10,800 வினாடி. வகுத்தால் 3.48. ஒலிக்கும் மற்றதற்கும் போக படத்துக்கு 3.2 தான் மிஞ்சும். இரண்டு டிஸ்க் என்றால் ஆறரை வைக்கலாம். மணவறையில் சும்மா உட்கார்ந்திருக்கும் காட்சிக்கு 3.2 போதும். அட்சதை போடும்போதுதான் சிக்கல். நூற்றுக்கணக்கான அரிசி ஒவ்வொன்றும் ஒரு திசையில் பறக்கும், மென்பொருளுக்கு எதையும் சுருக்க வழியிருக்காது, படம் கட்டம் கட்டமாக உடையும். இரண்டு தடவை ஓட்டிக் கணக்குப் போடும் முறையில் வைத்து, சும்மா இருக்கும் காட்சியில் மிச்சம் பிடித்து இங்கே கொடுத்தும் பார்த்தேன். ஓரளவுதான். டியூப் டிவியில் பெரிதாகத் தெரியவில்லை, அவருக்கும் திருப்தி.

காலம் மாறியும் டிஸ்க் முழுசாக ஒழியவில்லை. போன வருடம் காங்கேயத்திலிருந்து ஒரு பையன், அவன் அம்மிச்சிக்காக (அம்மாவைப் பெற்ற பாட்டி) வந்தான். சீர் வீடியோ போனில் எடுத்தது, அம்மிச்சிக்கு டிவிடி ரிமோட்தான் பழக்கம். போன் வீடியோவில் வினாடிக்கு இத்தனை படம் என்று நிலையாக இருக்காது, வெளிச்சத்துக்கு ஏற்ப ஏறி இறங்கும். அப்படியே மாற்றினால் போகப்போக வாய் ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம். முதலில் ஹேண்ட்பிரேக்கில் 25ஐ நிலையாக வைத்து எடுத்துவிட்டு, அப்புறம் டிவிடியாக்கினேன். இப்போதெல்லாம் எஃப்எஃப்எம்பெக் என்ற மென்பொருளில் ஒரே வரிதான், 'டார்கெட்' என்று அடித்துப் பக்கத்தில் 'பால்-டிவிடி' என்றால் 720க்கு 576 அளவு முதல் எல்லாம் தானே அமைந்துவிடும். (இந்தப் பால் கறக்கிற பால் இல்லை, நம் டிவி முறையின் பெயர். புதுப் பையனுக்கு விளக்க ஒரு டீ நேரம் ஆனது.) போனை நெட்டுக்குத்தாகப் பிடித்து எடுத்ததற்கு மட்டும் மருந்து இல்லை. "ஏஞ்சாமி, சன்னல் சந்துல எட்டிப் பாக்கறாப்பல இருக்குது" என்றாராம் அம்மிச்சி.

இப்போது வருகிற வேலை பெரும்பாலும் தலைகீழ். பழைய டிஸ்க்கைக் கொண்டுவந்து பென் டிரைவில் கேட்கிறார்கள். அன்றைக்கு ஏமாற்றிய ஹேண்ட்பிரேக்தான் இன்று தினம் உழைக்கிறது.

போன மாதம் நம்பியூர்க்காரர் வந்தார். முடி முழுக்க நரைத்திருந்தது. வெள்ளை உறையில் அதே டிஸ்க், ஒரு கீறல் இல்லை. வீட்டில் 55 அங்குல டிவி வாங்கியிருக்கிறார்களாம், பேத்திக்கு அம்மா கல்யாணத்தைக் காட்டவேண்டுமாம்.

"அரிசி போடறப்ப மட்டும் மூஞ்சியெல்லாம் கட்டங்கட்டமா வருதுங்க தம்பி. இதைக் கொஞ்சம் தெளிவாக்க முடியுங்களா?"

டிஸ்க்கில் இல்லாததை எந்த மென்பொருளும் கொண்டுவராது. மூலக் கேசட்டும் இல்லை, அதன்மேல் அடுத்தடுத்து நாலைந்து கல்யாணம் எடுத்தாயிற்று.

"அன்னைக்கே ரெண்டு டிஸ்க்கா போட்டுக்கலாம்னு சொன்னேனுங்களே" என்றேன்.

"அட, அன்னைக்கு ஆருங்க எந்திரிச்சுப் போயி மாத்தறது?" என்று சிரித்துக்கொண்டே பென் டிரைவைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.