நாலு சில்லுக்கும் தேசிக்காய்

இலங்கையில் 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதியை 2025 பெப்ரவரியில் திரும்பத் திறந்தார்கள். புது வாகனத்துக்கு வந்த வரியைப் பார்த்ததும் எனக்குப் பழைய வாகனங்களின் மேல் தனி மரியாதை பிறந்துவிட்டது. நீர்கொழும்பில் விலைக்குக் கிடந்த மிற்சுபிசி டெலிகாவை அந்த மரியாதையில்தான் வாங்கினேன். தொண்ணூறுகளின் ஜப்பான் வான். பஜிரோ ஜீப்பின் நாலு சில்லு இழுவை, உள்ளே கட்டில், காஸ் அடுப்பு, தண்ணீர்த் தாங்கி, கூரையில் கூடாரப் பெட்டி. மணற்காட்டு மணல் மேட்டடியிலோ சுண்டிக்குளத்துப் பக்கமோ நிறுத்திவிட்டு இரவில் படுத்திருக்கலாம் என்பது என் கணக்கு.

வாகனம் பார்க்க அத்தானைக் கூட்டிப் போயிருந்தேன். அவர் வானை இரண்டு தரம் சுற்றி வந்துவிட்டு என் காதுக்குள், "தம்பி, உதுக்கு எஞ்சின் எங்க?" என்றார். விற்றவர் முன் சீற்றைத் தூக்கிக் காட்டினார். இரண்டரை லீற்றர் டீசல் எஞ்சின் அங்கேதான் இருந்தது. வாங்கி வடக்கே எங்கள் வீட்டுக்கு ஓடி வரும்போது, புத்தளம் தாண்டுவதற்குள் அதன் பொருள் விளங்கிவிட்டது. அடுப்பில் குந்தியிருந்து அடுப்பையே ஓட்டுவது போல இருந்தது. அத்தான் அநுராதபுரத்தில் பின்னுக்குப் போய், சாரத்தைக் கழுத்துவரை போர்த்துக்கொண்டு கட்டிலில் நீட்டி நிமிர்ந்தார். கேட்டால் "கட்டிலைச் சோதிக்கிறன்" என்பார்.

கியர் பக்கத்தில் ஒரு சின்ன லீவர் இருந்தது. நாலு சில்லும் இழுக்க அதைத்தான் போட வேண்டும். ஆனால் காய்ந்த தார் றோட்டில் போடக்கூடாது. வளைவில் திரும்பும்போது முன்சில்லுகளும் பின்சில்லுகளும் ஒரே தூரம் ஓடுவதில்லை. இரண்டையும் சேர்த்துப் பூட்டினால் உள்ளே பல்லுகள் இறுகும். யாழ்ப்பாணம் போகிற ஏ9 இப்போது காபெட் றோட்டு. நான் அந்த லீவரை ஏக்கத்தோடு பார்த்துக்கொண்டே ஓடினேன்.

வவுனியா தாண்டியதும் பொலிஸ் மறித்தது. அதிகாரி பத்திரங்களைப் பார்த்துவிட்டுப் பின்கதவைத் திறந்தார். கட்டில், தொங்குகிற தண்ணீர்க் குழாய், கண்மூடிய அத்தான். "நோயாளிக்கு என்ன வருத்தம்?" என்று பாதித் தமிழில் மெல்லிய குரலில் கேட்டார். நான் பதில் தேடுவதற்குள் அத்தான் குறட்டையை ஒரு இழுப்பு இழுத்தார். அதிகாரி திடுக்கிட்டுக் கதவைச் சாத்தி, "கெதியாப் போங்கோ" என்று முன்னால் நின்ற லொறியையும் விலக்கிவிட்டார்.

முறிகண்டிப் பிள்ளையாரைத் தாண்டி எந்த வாகனமும் நிற்காமல் போகாது. தேங்காய் உடைத்துக் கச்சான் வாங்கினோம். சில்லுக்குத் தேசிக்காய் வைக்கும்போது அத்தான் முன்னுக்கு இரண்டு போதும் என்றார். கச்சான் விற்ற அம்மா விடவில்லை. "நாலும் இழுக்கிற வாகனமெண்டா நாலுக்கும் வைக்கோணும், தம்பி." தொழில்நுட்பம் தெரிந்தவர்! அதற்குள் ஒரு ஐயா வந்து, கண் பரிசோதனை எத்தனை மணிக்குத் தொடங்கும் என்று கேட்டார். பரந்தன் பெற்றோல் செற்றில் ஒரு சின்னப் பெடியன் ஐஸ்கிறீம் கேட்டு அழுதான். ஆனையிறவில் சோளகக் காற்று கூடாரப் பெட்டியில் அடித்து வானைப் பக்கவாட்டில் தள்ளியது. அத்தான் அப்போதுதான் விழித்தார்.

வீட்டு வாசலில் எல்லாம் நின்றது. அக்காவின் கலியாணத்துக்கென்று அப்பா கேற்றுக்கு மேலே சீமெந்து வளைவு கட்டுவித்திருந்தார். கூடாரப் பெட்டி அதில் நாலு விரல் இடித்தது. பெட்டியின் ஆணிகள் துருப்பிடித்து அசைய மறுத்தன. அம்மா வந்து உள்ளே எட்டிப் பார்த்து, "வீட்டில கட்டில் இல்லையோ மோனை?" என்று கேட்டார். ஒழுங்கையே சிரித்தது.

பெரியப்பா இ.போ.ச. பஸ் ஓடி ஓய்வு பெற்றவர். "சில்லுக் காத்தைக் குறை. ஆக்களை ஏத்து" என்றார். மணலில் ஓடுவதற்குக் காற்றைக் குறைப்பார்கள் என்று படித்திருக்கிறேன். வளைவுக்குக் கீழே நுழையவும் உதவும் என்று படித்ததில்லை. ஒழுங்கை முழுக்க ஏறியது. கட்டிலில், அடுப்படியில், ஒருவர் மடியில் ஒருவர். சாமத்தியவீட்டுக்குப் போகிற கலகலப்பு. வான் பதிந்தது. ஆனால் கேற்றடி மணலில் சில்லு புதைந்து சுற்றியது. கடைசியில் அந்தச் சின்ன லீவருக்கு வேலை வந்தது. போட்டேன். கூரை சீமெந்தை உரசாமல் வான் ஊர்ந்து உள்ளே போனது.

போன பிறகும் ஒருவரும் இறங்கவில்லை. ஏசி நல்லாயிருக்காம். கட்டிலைப் பழித்த அம்மாவே உள்ளே ஏறி, அந்தக் காஸ் அடுப்பில் எல்லாருக்கும் தேத்தண்ணி போட்டார். குடித்து முடித்து எல்லாரும் இறங்க, வான் நாலு விரல் உயர்ந்தது.

இனி மணற்காட்டுக்குப் போவதென்றால் ஒழுங்கையைத் திரும்ப ஏற்ற வேண்டும். போன கிழமை பெரியப்பாவிடம் கேட்டேன். வெள்ளிக்கிழமை தனக்கு வசதியில்லையாம். ஞாயிறு என்றால் வருவாராம், ஆனால் கேற்றடியில் இறங்கமாட்டாராம், மணற்காடு மட்டும் கூட வருவாராம். மற்றவர்களும் அதையேதான் சொல்கிறார்கள்.